அப்டேட் போட்ட பிறகு ஓட்டத்தில் கார்த் திரை கறுப்பாகிறது, வெள்ளிக்கிழமை கொழும்பு போகலாமா?

கல்லடி_கரை:
எல்லாருக்கும் வணக்கம், அவசரமாக ஒரு உதவி. போன வருசம் எடுத்த மின்சாரக் கார், 9,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறது, இவ்வளவு நாளும் ஒரு தொல்லையும் தரவில்லை. ஞாயிறு இரவு திரையில் புதிய பதிப்பு தயார் என்று வந்தது. போனில் வருவது போல்தானே என்று ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, ஓம் என்று அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். செவ்வாய் பின்னேரம் மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது திரை அப்படியே கறுப்பாகிவிட்டது. என் காரில் வேகம் காட்டுவதும் அதே திரைதான், ஏசியும் அதில்தான், சிக்னல் போட்டால் வரும் டிக் டிக் சத்தம்கூட இல்லை. ஒரு நிமிடம் போலக் கழித்துத் தானாக வந்தது. இன்று காலை காத்தான்குடி மெயின் வீதியில் திரும்பவும் அதே கதை. இரண்டு தரமும் கார் ஓடியது, பிரேக்கும் பிடித்தது.

ஏஜென்டுக்கு எடுத்தால் கொழும்புக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு அங்கே கிளினிக் இருக்கிறது, வியாழன் இரவு வெளிக்கிட வேண்டும். பழைய பதிப்பைத் திருப்பிப் போட முடியுமா? இப்படியே ஓடலாமா?

அக்கரைப்பற்று_மின்கார்:
பழைய பதிப்புக்கு நாமாகப் போக முடியாது தம்பி, அனேகமாக எல்லாக் கம்பனியும் அதைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். கறுப்பானது ஃபாஸ்ட் சார்ஜ் போட்ட பிறகா? 2022 இல் டெஸ்லா அமெரிக்காவில் கிட்டத்தட்ட 1,30,000 கார்களை ரீகோல் பண்ணியது, அதாவது பழுதைத் திருத்தவென்று திருப்பி அழைத்தது, ஃபாஸ்ட் சார்ஜ் நேரத்தில் திரையை நடத்தும் சிப் சூடாகி, திரை மந்தமாகும் அல்லது கறுப்பாகும் என்று. அதைச் சரிசெய்ததும் அப்டேட்தான்.

கல்லடி_கரை:
இல்லை அண்ணா, வீட்டில்தான் சார்ஜ். ஃபாஸ்ட் சார்ஜ் இதுவரை போட்டதே இல்லை.

ஏறாவூர்_வயரிங்:
நான் 20 வருசமாக வாகன எலக்ட்ரிக் வேலை செய்கிறேன். முதலில் 12 வோல்ட் பற்றரியைப் பாருங்கள். மின்சாரக் காரென்றால் பெரிய பற்றரி மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். திரை, பூட்டு, லைற், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் சின்னப் பற்றரியில்தான் உயிர் வாழ்கின்றன. அப்டேட் ஓடும்போது அந்தக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்திருக்கும், பல கார்களில் அந்த நேரம் பெரிய பற்றரி சின்னதுக்குச் சார்ஜ் கொடுக்காது. கராஜில் ஒரு கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் ஏற்றும்போது நாங்கள் வெளியே ஒரு சப்ளையைக் கொழுவி வோல்ட்டேஜை நிலையாகப் பிடித்து வைப்பது சும்மா இல்லை, நடுவில் விழுந்தால் அந்தப் பெட்டியே செத்துப்போகலாம்.

காரைப் பூட்டி மூன்று நான்கு மணித்தியாலம் விட்டுவிட்டு மீற்றரைப் பிடியுங்கள், பொனற்றை முதலே திறந்து வையுங்கள், பிறகு திறந்தால் கார் விழித்துவிடும். லெட் அசிட் என்றால் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். சில புதுக் கார்களில் சின்னதும் லித்தியம்தான், அதற்கு இந்தக் கணக்கு சரிவராது, லேபிளைப் பாருங்கள். ஒரேஞ்ச் நிற வயர் எதையும் தொட வேண்டாம், அது பெரிய பற்றரியின் உயர் வோல்ட்டேஜ்.

களுவாஞ்சிகுடி_ஹைபிரிட்:
நான் ஒன்று மட்டும் சொல்கிறேன், அப்டேட் வந்தால் பிழை தீர்ந்தது என்று நம்பி இருக்காதீர்கள். 2014 இல் டொயோட்டா உலகம் முழுக்க 19 இலட்சம் பிரியஸ் ஹைபிரிட் கார்களைத் திருப்பி அழைத்து மென்பொருள் மாற்றிக் கொடுத்தது, பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டரில் ட்ரான்சிஸ்டர்கள் சூடாகிப் பழுதாகிற பிரச்சினை. சரி, முடிந்தது என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். 2018 ஒக்டோபரில் 24 இலட்சம் ஹைபிரிட்களைத் திரும்பவும் அழைத்தது, முதல் திருத்தம் செய்த வண்டிகளும் அதற்குள் அடக்கம். பழுது வந்தால் மெதுவாக ஓரங்கட்ட விடும் பாதுகாப்பு முறைக்குப் போகாமல், சில நேரம் பவரே போய் நின்றுவிடலாம் என்று. நம்ம ஊரில் ஜப்பானிலிருந்து பாவித்த வண்டியாக இறக்கியவைதான் அதிகம், அங்கே ரீகோல் அறிவித்தால் இங்கே யார் கடிதம் போடப்போகிறார்கள்? சேஸி நம்பரைக் கம்பனியின் ஜப்பான் தளத்தில் நாமே தேடிப் பார்க்க வேண்டியதுதான்.

உங்கள் திரை கறுப்பாவதை விட எனக்குப் பயம், அந்த அப்டேட் வேறு எதைத் தொட்டிருக்கிறது என்பதுதான். 2025 ஒக்டோபரில் ஜீப் ரேங்லர் ஹைபிரிட்களுக்குக் இன்டர்நெட் வழியாக அனுப்பிய ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலருக்குப் பவர் போனது. பகலில் செங்கலடியில் நின்றால் நாலு பேர் வந்து தள்ளிவிடுவார்கள். இரவு ஒரு மணிக்குப் புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில், யானை கடக்கிற இடத்தில், சுகமில்லாத அம்மாவையும் வைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வீர்கள்? போக வேண்டாம்.

கல்லடி_கரை:
பார்த்தேன், ஏறாவூர் நானா. சின்னப் பற்றரி லெட் அசிட்தான், 11.7 காட்டுகிறது.

ஏறாவூர்_வயரிங்:
அது கிட்டத்தட்டக் காலி. இரவு முழுக்கச் சின்ன சார்ஜரில் போடுங்கள், காலையில் கழற்றிவிட்டு, காரைப் பூட்டி வைத்து அடுத்த நாளும் அளந்து பாருங்கள். திரும்ப இறங்கியிருந்தால் ஒன்று பற்றரி பழுது, அல்லது அப்டேட்டுக்குப் பிறகு ஏதோ ஒரு கம்ப்யூட்டர் தூங்காமல் உறிஞ்சுகிறது. பற்றரியை மட்டும் வெளியே எடுத்து லோட் டெஸ்ட், அதாவது சுமை கொடுத்துச் சோதனை, பண்ணினால் எது என்று தெரிந்துவிடும். திகதி, நேரம், வோல்ட்டேஜ் எல்லாம் எழுதி வையுங்கள், திரை கறுப்பாவதைப் பக்கத்தில் இருப்பவரைக் கொண்டு வீடியோ எடுங்கள். சும்மா திரை போகுது என்றால் ஏஜென்ட் நம்ப மாட்டார்.

அக்கரைப்பற்று_மின்கார்:
அப்டேட்டே போடாமல் இருப்பதும் சரியில்லை, பிரேக், பற்றரிப் பாதுகாப்பு சம்பந்தமான திருத்தங்களும் அதில்தான் வருகின்றன. நான் செய்வது, வந்த உடனே போட மாட்டேன். இரண்டு கிழமை பொறுத்து, அதே கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டு, தூரப் பயணம் எதுவும் இல்லாத நேரம் பார்த்துத்தான் போடுவேன். கொழும்பில் இருப்பவருக்குப் பிழைத்தால் ஒரு பின்னேர வேலை, நமக்குக் காரை ஏற்றும் கரியர் லொறி பிடித்து ஏற்றி இறக்கி ஒரு கிழமை போய்விடும்.

கல்லடி_கரை:
எல்லாருக்கும் நன்றி. வியாழன் இரவு வேன் பிடித்துத்தான் போனோம், அம்மாவுக்கு கிளினிக் முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பற்றரியை டவுனில் லோட் டெஸ்ட் பண்ணினேன், பற்றரி நல்லது. முழுக்கச் சார்ஜ் பண்ணிக் காரில் போட்டுப் பூட்டி வைத்தால் 12.6 இல் இருந்து ஒரே இரவில் 12.1. அப்போ நானா சொன்னது போல ஏதோ ஒன்று தூங்கவில்லை. குறிப்பையும் வீடியோவையும் அனுப்பிய பிறகுதான் ஏஜென்டின் குரல் மாறியது, வேறு இரண்டு பேருக்கும் இப்படி இருக்கிறதாம், திருத்திய பதிப்பு வரும் வரை ஓட்ட வேண்டாம் என்றார்கள். கரியரில் ஏற்ற வேண்டி வந்தால் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.