பையன்னா நாய் வாலா? ஒரு ரைம்ஸ் சந்தேகம்

பாளையங்கோட்டை அம்மா:
எங்கள் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், ஒரு பையன், ஒரு பொண்ணு. யூகேஜி. ஆண்டு விழாவுக்கு 'வாட் ஆர் லிட்டில் பாய்ஸ் மேட் ஆஃப்' பாட்டு, அதாவது சின்னப் பையன்கள் எதனால் ஆனவர்கள் என்று. பொண்ணு என்றால் சர்க்கரை, மசாலா, இன்னும் நல்லது எல்லாம். பையன் என்றால் நத்தையும் நாய்க்குட்டி வாலுமாம். டவுசரில் ஊக்கு போட்டு மாட்ட ஒரு வால் செய்து அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அட்டையில் பழுப்பு உல்லன் நூல் சுற்றி முடிக்க ராத்திரி பதினொன்று. அதுவரை தூங்காமல் இருந்தவன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஆச்சி, நான் நாயா?" என்றான். "இல்லலே, நீ ராசால்லா" என்று என் மாமியார் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் எழுதியது இது? பையன் வரியில் நத்தைக்கு முன்னால் வரும் 'ஸ்னிப்ஸ்' என்றால் என்ன? டீச்சரிடம் கேட்டால் "அது ரைமிங்குக்கு மேடம்" என்கிறார்.

வண்ணார்பேட்டை வாத்தியார்:
முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் நடத்தியவன், சொல்கிறேன். ராபர்ட் சதே என்ற கவிஞர் 1820 வாக்கில் எழுதியது என்பார்கள். தன் பெயரில் அவர் அச்சுப்போடவில்லை. ஆனாலும் அவர் தலையில்தான் கட்டுகிறார்கள். 1813 முதல் அரசவைக் கவிஞர். மூன்று கரடிக் கதையை 1837இல் அச்சில் கொண்டுவந்தவரும் அவரே. பாட்டும் பிள்ளைகளோடு நிற்பதில்லை, வாலிபர்களையும் இழுக்கிறது. அவர்கள் பெருமூச்சாலும் முதலைக் கண்ணீராலும் ஆனவர்களாம்!

'ஸ்னிப்ஸ்' வெட்டுத்துண்டுதான். ஆனால் பாட்டின் பழைய வடிவங்களில் 'ஸ்னிக்ஸ்' என்றும் உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கே, கம்பர்லாந்துப் பேச்சில் ஸ்னிக் என்றால் சின்ன விலாங்கு. சதே நாற்பது வருஷம் குடியிருந்தது அந்தப் பக்கத்துக் கெஸ்விக்கில். தாமிரபரணியில் வெறுங்கையால் விலாங்கு பிடிக்கப் பார்த்தவர்களுக்குப் பாட்டு சட்டென்று புரியும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற சாதியல்லவா அது! பையன்களைச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்? விலாங்கு போய் வெட்டுத்துண்டு நின்றதில்தான் பாட்டின் ருசி போனது என்பேன்.

தென்காசிக்காரி:
அந்த 'ஸ்பைஸ்' மசாலா இல்லை அக்கா. கேக்கில் போடும் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய். 1800ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நம்ம குற்றாலத்திலேயே இதெல்லாம் பயிர் வைத்துப் பார்த்தார்கள். பொண்ணுக்கு 'கருப்பட்டியும் ஏலக்காயும்' என்று பாடச் சொல்லுங்கள், ஒட்டும்.

மேலப்பாளையம் மாமா:
நாலு வரிப் பாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? நாங்களும் பாடினோம். ஒருத்தனுக்கும் வால் முளைக்கவில்லை.

பாளையங்கோட்டை அம்மா:
மாமா, உங்களை யாரும் வால் சுற்ற வைக்கவில்லை, அதான்.

சார், ரொம்ப நன்றி. நேற்று அவனிடம் விலாங்கு கதையைச் சொன்னேன். வாலில் இருந்த நூலையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, அட்டைக்குக் கறுப்புக் கலர் அடித்து எண்ணெய் தடவச் சொல்கிறான். "விலாங்குன்னா சரிம்மா. என்னைய யாரும் புடிக்க முடியாதுல்லா." டீச்சருக்கு நான் என்ன சொல்ல?