புல்லி மாத்தின சி200 கம்ப்ரசர்: 5,000 ஆர்பிஎம் தாண்டினா செக் எஞ்சின் லைட், இழுவை செத்துடுது. உதவி வேணும்

ராயபுரம்வாசி:

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி மெர்சிடீஸ் சி200 கம்ப்ரசர், 2009 மாடல், 1.8 லிட்டர் பெட்ரோல், சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள்ளே காத்தை அழுத்தித் தள்ளுறது). போன மாசம் சூப்பர்சார்ஜர் புல்லியை (பெல்ட் ஓடுற சக்கரம்) கழட்டிட்டு சின்ன புல்லி போட்டேன். முன்னைவிட 12 சதவீதம் வேகமா சுத்தும்னு சொன்னாங்க. ஈசியூவில் (எஞ்சின் கம்ப்யூட்டர்) கை வைக்கலை.

விடியற்காலை எண்ணூர் விரைவுச்சாலையில் மூணாவது கியரில் முழுசா மிதிச்சா, 5,000 தாண்டினதும் மஞ்சள் லைட் வருது. அடுத்த நொடி வண்டி இழுக்கவே மாட்டேங்குது. சாவியைத் திருப்பி அணைச்சு மறுபடி ஸ்டார்ட் பண்ணா இழுவை வந்துடும், லைட் மட்டும் நிக்கும். ஸ்கேனரில் பி 0234, அதாவது பூஸ்ட் (உள்ளே தள்ளுற காத்தோட கூடுதல் அழுத்தம்) அளவுக்கு மீறிப் போகுதுன்னு கோட். பகலில் ஒரு தடவைகூட வந்ததில்லை. காலைக் குளிர் காத்தாலதான் பூஸ்ட் ஏறுதா?

புல்லி போட்ட கடையில், மேப் சென்சார் (எஞ்சினுக்குள்ளே போற காத்தோட அழுத்தத்தை அளக்குறது) வயரில் ஒரு சின்ன சர்க்யூட் சேர்த்தா லைட்டே வராதுன்னு சொல்றாங்க. போடலாமா?

தண்டையார்பேட்டை டீசல்:

என் டீசல் காரில் இதே கோட் வந்தது. வேஸ்ட்கேட்டுக்கு (டர்போ பூஸ்ட் மிஞ்சாம பார்த்துக்குற வால்வு) போற ஹோஸ் விரிசல் விட்டிருந்தது, மாத்தினதும் சரியாச்சு. அதைப் பாருங்க ப்ரோ.

பழைய ஸ்பானர்:

டீசல் தம்பி, உங்களுது டர்போ. இவர் வண்டியில் வேஸ்ட்கேட்டே கிடையாது. கிராங்க் சுத்துற வேகத்துக்குப் பெல்ட்டில் சூப்பர்சார்ஜர் சுத்தும், காத்தைத் தள்ளும். மிஞ்சினதைத் திருப்பி விடுறதுக்கு ஒரு பைபாஸ் ஃப்ளாப் இருக்கு, அவ்வளவுதான்.

ராயபுரம் தம்பிக்கு முதல்ல ஒண்ணு. அந்த சர்க்யூட்டைத் தொடாதீங்க. உள்ளே எவ்வளவு காத்து இருக்குன்னு ஈசியூ அந்த சென்சாரையும் வெச்சுத்தான் கணக்குப் போடுது. சர்க்யூட் அந்த எண்ணைக் குறைச்சுக் காட்டும். ஈசியூ அதை நம்பி பெட்ரோலையும் குறைச்சு ஊத்தலாம், ஸ்பார்க்கையும் முன்னாடி தள்ளலாம். காத்து மட்டும் நிஜமாவே அதிகமா இருக்கும். முழு லோடில் கலவை லீன் ஆனா, அதாவது காத்துக்குப் பெட்ரோல் பத்தாம போனா, நாக் (கலவை தன்னால வெடிக்கிறது) வரும், ரிங் லேண்ட் (பிஸ்டனில் ரிங் உக்கார்ற விளிம்பு) உடையும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். நான் கையில் எடுத்துப் பார்த்த பிஸ்டனை வெச்சுச் சொல்றேன்.

குளிர் காத்துதான் காரணம்னு எனக்குத் தோணலை. பகலில் அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி எப்போ முழுசா மிதிச்சீங்க? யோசிச்சுப் பாருங்க. காலையில்தான் ரோடு காலி, காலையில்தான் 5,000 தாண்டுறீங்க.

இப்போ புல்லிக் கணக்கு. 12 சதவீதம் புல்லின்னா பூஸ்டும் 12 சதவீதம்தான் ஏறும்னு நினைக்கிறவங்க நிறைய பேர். தோராயமா, அந்த 12 சதவீதம் ஏறுறது மொத்த அழுத்தத்தில், அதாவது வெளிக்காத்தையும் சேர்த்து. மேனிஃபோல்டில் (சிலிண்டருக்குக் காத்து போற குழாயில்) மொத்தம் 1,550 மில்லிபார் இருந்தா 1,736 ஆகும். வெளிக்காத்து 1,013-ஐக் கழிங்க. 537 ஆக இருந்த பூஸ்ட் 723 ஆயிடுச்சு. பிஎஸ்ஐயில் சொன்னா 7.8 இருந்தது 10.5. கேஜில் பார்த்தா 35 சதவீதம் கூடுதல்! ஈசியூ கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துட்டு லைட்டைப் போட்டு, த்ராட்டிலை மூடிடும். எஞ்சினைக் காப்பாத்தத்தான் அப்படிச் செய்யுது.

ஆனாலும் புல்லி மேலயே பழியைப் போட்டுட முடியாது. ரெண்டு விஷயம் பாருங்க. எஞ்சின் ஓடாம இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணி மேப் சென்சார் என்ன காட்டுதுன்னு பாருங்க. நம்ம ஊர் கடல் மட்டத்தில் இருக்கு, 1,010-ஐ ஒட்டித்தான் காட்டணும். 1,080, 1,100னு காட்டினா சென்சார் பொய் சொல்லுது. காசிமேட்டு உப்புக் காத்தில் கனெக்டர் பச்சை பூத்து எர்த் சரியா கிடைக்கலைன்னா, இல்லாத பூஸ்டை இருக்கிற மாதிரி காட்டும். ரெண்டாவது, பைபாஸ் ஃப்ளாப் ஆயில் கசடு பிடிச்சு மூடின நிலையிலேயே சிக்கியிருக்கான்னு பாருங்க. அப்படிச் சிக்கினா பழைய புல்லியிலேயும் இந்தக் கோட் வரலாம்.

இன்னொண்ணு. விடியற்காலையில் காசிமேட்டுப் பக்கம் மீன் வண்டியும் கூடை தூக்கிட்டு வர்ற அம்மாக்களும் ரோட்டில் இருப்பாங்க. முழுசா மிதிச்சு அளவுகளைப் பதிவு எடுக்கணும்னா டைனோவில் (வண்டியை நின்ன இடத்திலேயே ஓட்டி அளக்குற மெஷின்) ஏத்துங்க, இல்லைன்னா இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போங்க. நான் சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் பார்த்து வளர்ந்தவன். வேகத்துக்கு எதிரி இல்லை, தம்பி. இடம் அது இல்லை.

ராயபுரம்வாசி:

அண்ணா, ரொம்ப நன்றி. ரோட்டு விஷயம் புரிஞ்சுது, இனிமே அங்கே பண்ண மாட்டேன்.

இக்னிஷன் மட்டும் ஆன்: 1,008. கனெக்டரைக் கழட்டிப் பார்த்தேன், சுத்தமா இருக்கு. ஃப்ளாப்பை ஸ்கேனர் வழியா அசைச்சுப் பார்த்தோம், முழுசா திறந்து மூடுது. சனிக்கிழமை டைனோவில் ஒரே ஒரு ஓட்டம். 5,400-இல் ஈசியூ கேட்டது 1,550, வந்தது 1,742. உங்க கணக்கு அப்படியே இருக்கு!

மாதவரம் பெட்ரோல்:

யாரும் பெட்ரோலைப் பத்திப் பேசலையே. இப்போ பங்கில் வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். அதாவது அதே காத்துக்குப் பெட்ரோல் கூடுதலா ஊத்தணும். ஈசியூ ஓரளவு தானாவே கூட்டிக்கும். ஆனா அது பழகினது பழைய புல்லியோட காத்துக்கு. புல்லி தள்ளுற உபரிக் காத்தும் சேர்ந்தா இன்ஜெக்டருக்கும் பம்ப்புக்கும் ரெட்டைச் சுமை. லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (ஈசியூ தானா எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுது, குறைக்குதுன்னு காட்டுற எண்) எவ்வளவு?

ராயபுரம்வாசி:

பிளஸ் 11 அண்ணா.

பழைய ஸ்பானர்:

அது அதிகம். பிரீதர் ஹோஸ் (எஞ்சினுக்குள்ளே சேர்ற ஆவியை வெளியேத்துற குழாய்) எங்கேயாவது வெடிச்சிருந்தாலும் இப்படிக் காட்டும், ஸ்மோக் டெஸ்ட் (புகை விட்டு ஓட்டை தேடுறது) பண்ணிடுங்க. பிளக் நாலையும் கழட்டுங்க. வெள்ளைப் பீங்கான் மேல மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளி இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க. இருந்தா நாக் வந்திருக்கு. பழைய புல்லி வர்ற வரைக்கும் 3,500-க்கு மேல போகாதீங்க. லைட் நிலையா எரியாம விட்டு விட்டு மின்னினா அது மிஸ்ஃபயர், உடனே ஓரங்கட்டி அணைச்சிடுங்க.

ராயபுரம்வாசி (பத்து நாள் கழிச்சு):

பிரீதர் ஹோஸ் அடிப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிஞ்சிருந்தது. மாத்தியாச்சு, ட்ரிம் பிளஸ் 5-க்கு வந்துடுச்சு. மூணாவது சிலிண்டர் பிளக்கில் நீங்க சொன்ன அதே கறுப்புப் புள்ளிகள். பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு அண்ணா. கம்ப்ரஷன் எடுத்தோம், நாலும் ஒண்ணையொண்ணு ஒட்டித்தான் இருக்கு. தப்பிச்சேன்.

பழைய புல்லியைத் திரும்பப் போட்டுட்டேன். டைனோவில் கேட்டது 1,550, வந்தது 1,561. கோட் அழிச்சு ஒரு வாரம் ஆச்சு, லைட் வரலை. சின்ன புல்லியை எடுத்து வெச்சிருக்கேன். வைட்பேண்ட் (காத்து-பெட்ரோல் விகிதம் காட்டுற சென்சார்) மாட்டி, டைனோ மேல வெச்சே ஈசியூ மேப் (பெட்ரோல், ஸ்பார்க் அளவுகளோட அட்டவணை) எழுதுற ஆள் கிடைச்சாதான் மறுபடி போடுவேன்.

பழைய ஸ்பானர்:

நல்லது தம்பி. மேப் எழுத உக்காரும்போது மூணாவது பிளக்கையும் எடுத்துட்டுப் போய் அவர்கிட்டக் காட்டுங்க.