புதுப்பிப்பு: குவில்ட் கண்காட்சியில் மெட்ராஸ் கட்டத்துணி விற்றதா?

ஹூஸ்டன் பக்கம் உள்ளூர் குவில்ட் (துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் அடுக்குப் போர்வை) சங்கம் நடத்தும் கண்காட்சியில் மேசை போட்டு மெட்ராஸ் கட்டத்துணி விற்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா? போய் வந்தாயிற்று. விற்றது!

ஆனால் கெஜக்கணக்கில் யாரும் கேட்கவில்லை. குவில்ட் தைப்பவர்களுக்கு வேண்டியது 'ஃபேட் குவார்ட்டர்', அதாவது 18-க்கு 22 அங்குலத் துண்டு. அளவு என்னவோ கால் கெஜம்தான். வழக்கமாக வெட்டித் தரும் கால் கெஜம்போல நீளப் பட்டையாக இல்லாததால் பெரிய வடிவங்களை வெட்ட வசதி. நாடா கட்டி அடுக்கி வைத்தவை மதியத்துக்குள் காலி.

எல்லோரும் கேட்டது ஒன்றே: சாயம் போகுமா? நியாயம்தான். 1960-களில் அமெரிக்காவில் 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்தே விற்ற துணி ஆயிற்றே! நான் முன்பே அலசிக் கொண்டுபோயிருந்தேன். ஈர வெள்ளைத்துணியால் அழுத்தித் தேய்த்துக் காட்டியதும் பர்ஸ் திறந்தது.

போன மாதம் பதில் சொன்ன சிலர் பேரம் பேசுவார்கள் என்று பயமுறுத்தினீர்களே, ஒருவர்கூடப் பேசவில்லை. டெக்சாஸ் விற்பனை வரி அனுமதி கட்டாயம், ஆனால் அதற்குக் கட்டணம் இல்லை.

காட்சிக்குத் தொங்கும் குவில்ட்களைத் தொடக் கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலரிடம் கேட்டால் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். கட்டாயம் கேளுங்கள், தையலின் நேர்த்தி அங்கேதான் தெரியும்.

கடை கட்டும் நேரத்தில் பக்கத்து மேசை அம்மா என் மிச்சத் துண்டுகளை வாங்கிக்கொண்டு, 1930-கள் பாணிப் பூப்போட்ட துணிகளைக் கொடுத்தார். காசே கைமாறவில்லை. எனக்குத்தான் லாபம் என்று நினைக்கிறேன். அவரும் அப்படியே நினைத்திருப்பார்.