புதுப்பிப்பு: தோட்டத்து ரோஜாவை உலர்த்தி வைப்பது, வழி கிடைத்தது

தலைகீழாகத் தொங்கவிட்ட ரோஜா பழுப்பாகிறதே, மழைக்காலம் வரை வைத்திருக்க வழி உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பூவை ஆற்று மணலில் புதைத்து உலர்த்தச் சொன்ன யோசனை எனக்குச் சரிவரவில்லை, கனத்தில் இதழ் நசுங்கிவிட்டது. கைகொடுத்தது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்தான், அதுவும் சர்க்கரை போலப் பொடியானது; உருண்டை வேண்டாம். பனி காய்ந்தபின் பாதி விரிந்த பூவாகப் பறித்து, காம்பை ஓர் அங்குலம் விட்டு நறுக்கி, இதழ் இடுக்கிலெல்லாம் ஜெல்லை ஸ்பூனால் தூவி, காற்றுப் புகாத டப்பாவில் மூடினேன். 7ஆம் நாள் எடுத்தால் இதழ் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது.

எதிர்பாராதது: மஞ்சள் அப்படியே நின்றது, சிவப்பு கிட்டத்தட்டக் கறுத்துவிட்டது. வெளியே வைத்த ஒரு பூ, ஒரே மழையில் ஈரம் இழுத்துத் தொய்ந்தது. மற்றதெல்லாம் இப்போது மூடிபோட்ட கண்ணாடி ஜாடியில். வாடாமல்லிக்கு இந்த மெனக்கெடலே வேண்டாம், கட்டித் தொங்கவிட்டால் போதும்.