மனதில் நினைத்ததைச் சொல்லிவிடும் விளையாட்டுகள்: உங்கள் அனுபவம் என்ன?

லீவுக்கு வந்த அக்கா பையன் போனில் அகினேட்டர் என்ற விளையாட்டைக் காட்டினான். ரஜினி, விஜய் எல்லாம் நினைத்தால் சட்டென்று சொல்லிவிடும் என்றான், சரி என்று நான் நாகேஷை நினைத்துக்கொண்டேன். உண்மையான ஆளா, உயிரோடு இருக்கிறாரா, சிரிக்க வைப்பாரா என்று அதில் வரும் தலைப்பாகை பூதம் வரிசையாகக் கேட்டுவிட்டு படத்தோடு கொண்டுவந்து நிறுத்தியது! பிரெஞ்சுக்காரர்கள் செய்ததாமே, அவர்களுக்கு எப்படி நாகேஷ்?

—

பிரெஞ்சு நிறுவனம்தான், எலோகன்ஸ், 2007-ல் வந்தது. ஆனால் நாகேஷைச் சொல்லிக்கொடுத்தது நம் ஆட்கள். பூதம் தோற்றால் யாரை நினைத்தீர்கள் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும், அடுத்தடுத்து ஆடுகிறவர்களின் பதில்களும் அதில் சேர்ந்துகொண்டே போகும். நான் வேண்டுமென்றே ஒரு பதிலை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன், அப்படியும் கண்டுபிடித்தது.

—

அந்த மாற்றிச் சொல்லும் வேலை பழைய 'அனிமல்' விளையாட்டில் நடக்காது. காலேஜ் லேபில் பேசிக் (BASIC) என்ற கணினி மொழியில் டைப் அடித்து ஓட்டுவோம். ஆம் என்றால் ஒரு கிளை, இல்லை என்றால் இன்னொரு கிளை, ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னால் போச்சு, திரும்பி வர வழியே கிடையாது. தோற்றதும், 'நீ நினைத்த மிருகத்துக்கும் நான் சொன்னதற்கும் வித்தியாசம் காட்ட ஒரு கேள்வி கொடு' என்று கேட்கும். நாங்கள் கொடுத்த கேள்விகளை இங்கே எழுத முடியாது, சார் பார்த்துவிட்டு லேபை விட்டே விரட்டினார்.

—

20க்யூ (20Q, அதாவது இருபது கேள்வி) ஞாபகம் இருக்கிறதா? உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் உருண்டை, துபாயிலிருந்து மாமா வாங்கி வந்தார். கனடாவின் ராபின் பர்கனர் 1988-ல் தொடங்கிய நிரல் அது, 2003 வாக்கில் பொம்மையாக வந்தது. இது கிளை கிளையாகப் போவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மதிப்பு உண்டு, பதில் பொருந்தாவிட்டால் அந்தப் பொருள் கொஞ்சம் பின்னால் போகுமே தவிர ஒரேயடியாக வெளியே போகாது. ஆம், இல்லை என்று மட்டும் 20 பதில் வந்தாலே 10,48,576 பொருட்களைப் பிரித்துவிடலாம், அதனால் வீட்டில் இருக்கிற சாமான் எதை நினைத்தாலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம். பாட்டி மட்டும் அதைத் தொடவே மாட்டாள், ஏவல் வேலை என்பாள்.

—

இப்போதைய அரட்டை ஏஐ-யிடம் தலைகீழாக ஆடிப் பாருங்கள். 'ஒரு பொருளை நினைத்துக்கொள், நான் கேட்கிறேன்' என்றேன். 'நினைத்துவிட்டேன்' என்றது. கடைசியில் நான் தோல்வியை ஒப்புக்கொண்டதும் 'குடை' என்றது. அதே கடைசிப் பதிலை மறுபடி எழுத வைத்தால் 'கூடாரம்'! இரண்டுமே முன்னால் சொன்ன பதில்களுக்கெல்லாம் பொருந்துகிறது, அதுதான் எரிச்சல்.

—

அது எதையும் நினைத்திருக்காது. மேலே உள்ள எழுத்தைப் படித்து, அதற்கு ஒத்துப்போகிற அடுத்த பதிலைத்தான் எழுதும், எழுதாத ரகசியம் ஒன்றைத் தனியாக ஒளித்து வைக்க பெரும்பாலும் அதற்கு இடமில்லை. அதனால் முதலிலேயே விடையை நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் எழுதச் சொல்லிவிட வேண்டும். நான் ஜார்ஜிய எழுத்தில் எழுத வைக்கிறேன், மாற்றிச் சொல்ல முடியாது.

—

எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி படிக்கத் தெரியாது. அதுவே போதும்.