கால் போனதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாமா?

கேள்வி:

14 வருடம் ராணுவத்தில் இருந்தேன். கடைசி ஆறு வருடம் வண்டி உதிரிபாக ஸ்டோர்ஸ். கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, இப்போது செயற்கைக் கால். கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு நேர்காணல். அரை மணி நேரமும் கால் எப்படிப் போனது என்பதுதான் பேச்சு. ஸ்டாக் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. வெளியே வந்ததும் மனசு விட்டுப்போனது. காலைப் பற்றி முன்கூட்டியே எழுதுவது நல்லதா, மறைப்பது நல்லதா?

பதில் 1:

தம்பி, நான் ராணுவத்தில் சிக்னல்ஸில், அதாவது தகவல் தொடர்புப் பிரிவில், இருந்தவன். ஒரு காது சுத்தமாகக் கேட்காது. விண்ணப்பத்தில் எழுத வேண்டாம், அதில் வேலையை மட்டும் எழுதுங்கள். நேர்காணலில் கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, இந்த வேலைக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதற்கு நீங்களே பேச்சைத் திருப்புங்கள். நான் அப்படித்தான் செய்தேன்: "அலாரத்தோடு ஒரு விளக்கும் எரிய வேண்டும், என் மேஜை வலது சுவர் ஓரமாக இருக்க வேண்டும்." அவ்வளவுதான் கேட்டேன், கிடைத்தது.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று இப்போதே யோசித்து வையுங்கள். பொழுது சாயச் சாய வெட்டுப்பட்ட முனை சுருங்கி, அதை நுழைக்கும் செயற்கைக் காலின் குழி, அதுதான் சாக்கெட், தளர்ந்துவிடும் இல்லையா? நடுவில் அந்த முனையில் மாட்டும் காலுறையை மாற்றப் பத்து நிமிடமும் உட்கார ஒரு மறைவான இடமும் வேண்டும் என்று சொல்லுங்கள். இது சலுகை கேட்பது ஆகாது. 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-வது பிரிவே பணியிடத்தில் இப்படி நியாயமான ஏற்பாடு செய்து தர வேண்டும் என்கிறது.

1915-ல் லண்டனில் ஆர்தர் பியர்சன், அவரே பார்வை இழந்தவர், போரில் கண் போன சிப்பாய்களுக்காக செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதியைத் தொடங்கினார். டைப்பிங், டெலிபோன் போர்டு, மசாஜ் என்று தொழில் கற்றுக்கொடுத்தார்கள். வேலைக்குப் போன இடங்களில் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு நான் சோர்ந்திருந்த நாட்களில், இதைப் படித்துத்தான் கொஞ்சம் தெம்பு வந்தது.

பதில் 2:

வணக்கம் சார். நான் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். ராணுவப் பதவிப் பெயர்கள் எங்களுக்கு நிஜமாகவே புரியாது. உங்கள் கீழ் எத்தனை பேர், எத்தனை வகைப் பொருள், இருப்பைச் சரிபார்த்தபோது எவ்வளவு குறைந்தது, இதை எழுதுங்கள். அப்புறம், கால் கதையையே தோண்டுகிறவரிடம் "அதை இன்னொரு நாள் சொல்கிறேன், கிடங்கில் எத்தனை ரேக் இருக்கிறது?" என்று கேட்கலாம். தப்பே இல்லை.

கேள்வி கேட்டவர்:

அண்ணா, மேடம், ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். "ஸ்டோர்ஸ் பொறுப்பு" என்று இருந்த இடத்தில் இப்போது: 2,300 வகை உதிரிபாகம், 7 பேர், கடைசி சரிபார்ப்பில் ஒரு போல்ட்கூடக் குறையவில்லை. அடுத்த நேர்காணல் செவ்வாய்க்கிழமை. ஒரே சந்தேகம். அந்தப் பத்து நிமிட விஷயத்தை அன்றைக்கே கேட்கவா, வேலை உறுதியான பிறகா?

பதில் 1:

அவர்களே காலைப் பற்றிக் கேட்டால் அன்றைக்கே சொல்லுங்கள்; கேட்காவிட்டால் உறுதியான பிறகு, தம்பி. ஆனால் சேரும் நாளுக்கு முன்னால் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.