ஸ்கூபாவில் போட்டி வைக்க முடியுமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

உப்புத்தண்ணி:
போன டிசம்பரில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில். மூன்று பேர், ஒரே படகு, ஆளுக்கு முதுகில் ஒரு 12 லிட்டர் காற்று டேங்க், 200 பார் அழுத்தம். மேலே வரும்போது யாரிடம் காற்று குறைவோ அவர் மதியச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று பந்தயம். டைவ் அடிப்பவர்களுக்குத் தெரியும், 'உனக்கு எவ்வளவு மிச்சம்' என்ற பேச்சு இல்லாத படகே கிடையாது. 18 மீட்டரில் நான் மூச்சைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன். இழுத்து நாலு எண்ணி, விட்டு, மறுபடி நாலு எண்ணி. நண்பன் தோளைத் தட்டி எதையோ காட்டினான். என் கண் மிச்சக் காற்றைக் காட்டும் கேஜ் முள்ளிலேயே இருந்தது. நிமிர்ந்தபோது ஒரு ஆமையின் பின்னங்கால் மட்டும் தெரிந்தது, என் காலில் மாட்டிய ஃபின்னை உரசுகிற தூரத்தில் போயிருக்கிறது. 45 நிமிடம் கழித்து 90 பாரோடு வந்து ஜெயித்தேன். தலைவலி மண்டையைப் பிளந்தது, ஜெயித்த மீன் குழம்பில் கைகூட வைக்க முடியவில்லை.

இதை ஒழுங்கான போட்டியாக ஆக்க முடியுமா, ஆக்கினால் எதைத்தான் அளப்பார்கள் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

ஒற்றை ஃபின்:
ஏற்கெனவே இருக்கிறதே. சி.எம்.ஏ.எஸ். என்ற நீருக்கடி விளையாட்டுகளின் உலகக் கூட்டமைப்பு 1959-இல் தொடங்கியது, முதல் தலைவர் ஜாக் கூஸ்தோ. ஃபின் நீச்சலில் இம்மர்ஷன் என்று ஒரு பிரிவு உண்டு. சிலிண்டரை முதுகில் கட்டாமல் இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்து, மீன் வால் மாதிரி ஒற்றை ஃபின்னை அடித்துக்கொண்டு, முகம் மேலே வராமலே 100 மீட்டர், 400 மீட்டர் போவார்கள்.

ஒரு போட்டிக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்கப் போனேன். மேலே ஆள் தெரியாது, குமிழிதான் தெரியும். நான் முட்டாள்தனமாக அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழி அவன் விட்டுப்போன இடத்தில் அல்லவா மேலே வரும்! பையன் சுவரைத் தொட்டுவிட்டான், நான் இன்னும் மூன்று மீட்டர் பாக்கி என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பட்டனைத் தாமதமாகத்தான் அழுத்தினேன். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கையைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. வேறு கடிகாரங்களும் இருந்தன, அதனால் தப்பித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கல்லடியான்:
அது நீச்சல், தம்பி. கையில் சிலிண்டர் இருந்தால் ஸ்கூபா ஆகிவிடுமா? ஸ்கூபா என்றால் கடல், ஆழம், பக்கத்தில் ஒரு கூட்டாளி.

மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கிடக்கிறது, 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் அடித்துத் தாட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல், அடி ஐம்பது மீட்டருக்கு மேல். அந்த ஆழத்தில் ஆறு மடங்கு அழுத்தம், மேலே ஒரு மணித்தியாலம் வருகிற காற்று அங்கே பத்து நிமிடம். எங்களோடு வந்த இரண்டு பேர் யார் கூடுதல் நேரம் அடியில் நிற்கிறது என்று தங்களுக்குள் பந்தயம் பிடித்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. திரும்பும்போது 6 மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், இன்னும் பதினொரு நிமிடம் நிற்க வேணும், உடம்பில் கரைந்த வாயு மெதுவாக வெளியேறாமல் மேலே வந்தால் கை கால் மரத்துப்போகும். ஒருத்தர் காற்று இல்லை என்று கழுத்துக்குக் குறுக்கே கையை வெட்டிக் காட்டுகிறார். கேஜைத் திருப்பிப் பார்த்தேன், முள் சிவப்புக்குள். வாயில் கவ்வி மூச்சிழுக்கிற ரெகுலேட்டர் என்னிடம் இரண்டு, இரண்டாவதைக் கொடுத்தேன். அந்தப் பதினொரு நிமிடமும் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கண் மாஸ்க்குக்குள் இமைக்கவே இல்லை.

ஆழத்தில் போட்டி வைக்கலாம் என்கிறவர்களுக்கு ஒன்று. 2014-இல் எகிப்தின் தஹாப்பில் அஹ்மத் கப்ர் 332 மீட்டர் போய்க் கின்னஸில் ஏறினார். இறங்கக் கால் மணித்தியாலம், ஏறப் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல். அதை முந்தப் போன கை கார்மன் என்ற அமெரிக்கர் 2015-இல் திரும்பி வரவில்லை. இதற்கு டிக்கெட் விற்பீர்களா?

பழைய ரெகுலேட்டர்:
எனக்கும் ஒரு தடவை படகில் இப்படிப் பந்தயம் நடந்தது, நான் கலந்துகொள்ளவில்லை. சரி, முதல் பதிவு போட்ட தம்பிக்கு: அந்தத் தலைவலி கரியமில வாயு. மூச்சை விட்டு விட்டு இழுத்தால் அது உடம்பிலேயே தங்கும். காற்றை மிச்சப்படுத்த வேண்டுமானால் முதலில் மூழ்குவதற்காகக் கட்டும் ஈயக்கட்டியைச் சரிபாருங்கள். முக்கால்வாசிப் பேர் இரண்டு கிலோ அதிகம் கட்டிக்கொண்டு, அதைத் தூக்க, மிதக்க வைக்கும் பையான பிசிடியில் காற்றை ஏற்றி, அந்தப் பையை இழுத்துக்கொண்டு உதைக்கிறார்கள். அப்புறம், கையைத் துழாவாதீர்கள், மார்புக்கு முன்னால் கட்டிக்கொள்ளுங்கள். உடம்பு படுக்கை வசமாக இருக்க வேண்டும், கால் தொங்கக் கூடாது. மூச்சை மெதுவாக, நீளமாக, நிறுத்தாமல் விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு மட்டும் மேலே வராதீர்கள், 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்காகும், கிழிந்துவிடும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். முந்தின இரவு குடிக்காதீர்கள். காலையில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். மாஸ்க்கை வாங்கியதும் உள்பக்கம் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அப்போதுதான் புகையாது. வாடகை மாஸ்க் வேண்டவே வேண்டாம்.

ஒற்றை ஃபின்:
அண்ணே, மாஸ்க்கைப் பற்றி யார் கேட்டார்கள்?

முயல்தீவு:
இங்கே எல்லோரும் ஆமை, கப்பல் என்று பேசுகிறீர்கள். போட்டி எங்கள் ஊரில் தினமும் நடக்கிறது. என் மாமா தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போனவர். படகில் கம்ப்ரஸர், அதிலிருந்து ஒரு குழாய், அதை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார்கள். கேஜ் கிடையாது, ஆழமும் நேரமும் கணக்கிடும் கம்ப்யூட்டர் கிடையாது. எத்தனை சங்கோ அத்தனை காசு, அதனால் பக்கத்து ஆள் பை நிறைந்தால் இவர் இன்னும் கொஞ்ச நேரம் கீழே இருப்பார். இதுவும் பந்தயம்தானே, நடுவர் மட்டும்தான் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும், வலது காலை ரப்பர் செருப்புக்குள் விடுகிறார், எடுத்து வைத்தால் செருப்பு மணலிலேயே கிடக்கிறது. மறுபடி விடுகிறார், மறுபடி கிடக்கிறது. காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் பிள்ளைகள், விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தோம். நாலாவது தடவை அவரும் சிரித்தார்.

ஏரிக்கரை:
முயல்தீவு, படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜெர்மனியில் இருக்கிறேன், இங்கே ஏரியில் திசைகாட்டிப் போட்டி ஒன்று நடத்துகிறார்கள், அதைப் போய்ப் பார்த்தேன். டைவர் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு போவார், அதில் காம்பஸும் தூரம் எண்ணுகிற சின்னச் சுழலியும் இருக்கும். தண்ணீருக்குள் கலங்கல், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு குறியாகத் தேடித் திரும்ப வேண்டும். ஒவ்வொருவர் பின்னாலும் மேலே ஒரு மிதவை இழுபடும், கரையில் நிற்கும் நமக்கு அதுதான் ஆட்டம். ஒரு மிதவை மட்டும், எல்லாம் இடப்பக்கம் திரும்பின இடத்தில், வலப்பக்கம் திரும்பி நூல் பிடித்த மாதிரி நாணலைப் பார்த்துப் போனது. அவ்வளவு வேகம், அவ்வளவு நம்பிக்கை! அவர் மனைவி கரையோரம் ஓடிக்கொண்டே கத்துகிறார், பிள்ளை கத்துகிறது, நானும் தமிழில் கத்தினேன். நாணலுக்குள்ளிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார் மனுஷன். என்னைக் கேட்டால் ஸ்கூபாவில் நியாயமாக அளக்க முடிகிற போட்டி இதுதான். ஆழமில்லை, மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை, ஆள் எங்கே என்று கரைக்குத் தெரிகிறது.

உப்புத்தண்ணி:
ஏரிக்கரை, நாணல் ஆளுக்கு என் வணக்கம். முயல்தீவு, மாமா இப்போது எப்படி இருக்கிறார்?

முயல்தீவு:
இருக்கிறார். டீக்கடை போட்டிருக்கிறார். வெறுங்கால்தான்.

பழைய ரெகுலேட்டர்:
தம்பி உப்புத்தண்ணி, 12 லிட்டர் டேங்க், 45 நிமிடம், 90 பார் என்றா சொன்னீர்கள்? தப்பாக நினைக்க வேண்டாம், நான் அதே இடத்தில் 110-க்குக் குறைந்து மேலே வந்ததில்லை.